சந்தேகத்துக்குக் கோட் கிடையாது

பொறியியல் மாணவனான எனக்குக் ‘கோட்’ என்றாலே கணினிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவிலோ, கிளினிக்குக்குப் போய் வந்தால் அதுவும் கோட் ஆகித்தான் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகிறது. எப்படி என்று பார்ப்போமா?

1. டாக்டர் என்ன செய்தார்? இதைச் சொல்வது சிபிடி கோட். மூன்று ஆண்டுக்குள் அங்கே வந்தவர் பழைய நோயாளி. அவரை டாக்டர் பார்த்தால் 99212 முதல் 99215 வரை. 2021 முதல், மருத்துவ முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதையோ, டாக்டர் அன்று செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரக் கணக்கில் 20 நிமிடத்துக்கு 99213; 30 நிமிடத்துக்கு 99214.

2. ஏன் செய்தார்? இதற்கு ஐசிடி-10-சிஎம். அங்கே 2015 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது.

ஓர் உதாரணம். பழைய நோயாளி ஒருவர் வருகிறார். இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. டாக்டர் அதே மருந்துகளைத் தொடரச் சொல்கிறார். இரண்டு நாள்பட்ட நோய், மருந்துச் சீட்டு: ஆகவே 99214. நோய்களுக்கு ஐ10, இ78.5.

கூடவே மூன்று நாளாக இருமல். “நிமோனியாவா இருக்கலாம்” என்று எக்ஸ்ரே எடுக்க அனுப்புகிறார். நிமோனியாவுக்கு ஜே18.9 போடலாமா? கூடாது! வெளிநோயாளிக்குச் சந்தேகத்தை நோயாகப் பதிய விதி இடம் தராது. தெரிந்தது இருமல் மட்டும்தான், ஆர்05.1 போதும். மீறிப் போட்டால், வராத நோய் அவருடைய பதிவேட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போ உங்க முறை: நெஞ்சுவலி, மாரடைப்போ என்று சந்தேகம். எதைப் பதிவீங்க?

விடை: நெஞ்சுவலி, ஆர்07.9. தெரிந்ததை மட்டும் எழுதுங்க, அவ்வளவுதான்!