தரவு போதுமா?

விடையைக் கேளாது, விடை காணத் தரவு போதுமா என்று மட்டும் வினவும் வினாக்கள் தருக்க நுண்ணறிவுப் பரீட்சைகளில் உள. முகாமைத்துவ மேற்படிப்புக்கான ஜி.எம்.ஏ.ரி. தேர்வு 2023இல் திருத்தியமைக்கப்பட்டபோதும் இவை நீக்கப்படவில்லை. இவற்றில் நம் மாணவர் இடறுவது பெரும்பாலும் அறியாமையால் அன்று. அறிந்ததை இடையிலே புகுத்துவதால்.

நம்மூர் வீதியையே எடுத்துக்கொள்வோம். மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதியில் வடக்கே செல்பவன் அலுவிகாரை, பலாபத்வல, நாலந்தா ஆகிய மூன்றனுள் எதனை முதலில் அடைவான்?

(1) அலுவிகாரை பலாபத்வலைக்கு முன்னே உளது.
(2) நாலந்தா பலாபத்வலைக்கு அப்பால் உளது.

முதற்கூற்றே போதுமென்பான் பலாபத்வல மாணவன். நாலந்தா எங்குளதென்பது அவன் கண்டறிந்தது; அக்கூற்று கூறியதன்று. அதனளவில் நாலந்தாவே முதலாகவும் இருக்கலாம். இனி அதனை முற்றாக மறந்து இரண்டாவதை நோக்குவோம். நாலந்தா முதலன்று என்பது தெளிவு. மற்றை இரண்டனுள் எது முதல் என்பது புலப்படாது. இரண்டையும் சேர்த்தாலோ அலுவிகாரையே முதல் என்பது உறுதி. ஆகவே இரண்டும் வேண்டும்.

தனித்தனியே நோக்கிய பின்னரே சேர்த்தல் முறை. தரப்பட்டது எது, நாம் கொணர்ந்தது எது எனப் பிரித்தறியும் இப்பழக்கம் பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. பிறர்மீது சொல்லப்படும் பழியைக் கேட்கும்போதும் நமக்கு வேண்டுவது அதுவே.