ஓட்ட வீரரின் ஓய்வுக் காலம்: உடற்கல்வித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

• பயிற்சி ஆண்டின் கட்டங்கள் மூன்று: ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம். 1960-களில் இப்பகுப்பை முறைப்படுத்தியவர் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ். சீசன் முடிந்து வரும் ஓய்வு மூன்றாவது கட்டம். ஆண்டுத் திட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு என்பதால் விடுமுறைக் கணக்கில் சேராது.

• கோட்பாட்டு அடிப்படை: ஹான்ஸ் செலி, 1936. உடல் நெருக்கடியை எதிர்கொள்ளும் நிலைகள்: எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்வு. வரிசை மாறக் கூடாது.

• மிகை ஈடுசெய்தல்: பயிற்சியில் உடலின் திறன் தற்காலிகமாகச் சரிகிறது, ஓய்வில் மீண்டு பழைய அளவைத் தாண்டுகிறது. மீள்வதற்கு முன்பே அடுத்த சுமையை ஏற்றிக்கொண்டே போனால் சரிவுதான் மிஞ்சும்.

• அதிகம் குழப்பும் இடம்: மறுநாள் தசைவலிக்கு லாக்டிக் அமிலம் காரணமல்ல. ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அது இயல்பு அளவுக்கு இறங்கிவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சம் தொடுகிறது. தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்சேதமே காரணம். 42.195 கி.மீ. மாரத்தான் ஓடியவரை மறுநாள் மாடிப்படியில் கவனியுங்கள்: ஏறிவிடுவார், இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் கால் வைப்பார். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடி உடல் எடையைத் தாங்குவதால் அப்படி.

• மீளும் வேகம் உறுப்புக்கு உறுப்பு வேறு. போதிய மாவுச்சத்து உண்டால் கிளைகோஜன் பொதுவாக 24–48 மணி நேரத்தில் நிரம்பும். சேதமுற்ற தசையில் தாமதமாகும். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் இன்னும் மெதுவாகவே தேறும். ஆகவே வலி நின்றது என்பதற்காக உடல் முழுதும் தேறிவிட்டதாகக் கொள்ள முடியாது.

• எடுத்துக்காட்டு: பெர்னார்ட் லகாட். கென்யாவில் பிறந்து அமெரிக்காவுக்காக ஓடியவர். 2007 ஒசாகா உலகப் போட்டியில் 1500 மீ., 5000 மீ. இரண்டிலும் தங்கம். சீசன் முடிந்ததும் ஏறத்தாழ ஐந்து வாரம் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் ஐந்தாம் இடம் பெற்றபோது வயது 41. நீண்ட நாள் ஓட விரும்பும் எவருக்கும் இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேவையில்லை.

• 'ஓய்ந்தால் திறன் போய்விடுமே' என்ற அச்சத்துக்குப் பதில்: எட்வர்ட் காயில் குழுவின் 1984 ஆய்வு. பயிற்சியை அடியோடு நிறுத்தியவர்களின் உச்ச ஆக்ஸிஜன் பயன்பாடு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளுக்குப் பின் 16 சதவீதக் குறைவில் நிலைத்தது. தசையின் நுண் ரத்தக் குழாய்கள் குறையவில்லை.

• செயல்சார் ஓய்வு: நடை, நீச்சல், சைக்கிள். நீச்சலில் கால் தரையில் மோதும் அதிர்வு இல்லை.

• ஆழ்ந்த உறக்கத்தில் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரக்கும்.

• மிகைப் பயிற்சியின் அறிகுறிகள்: காலை நாடித்துடிப்பில் மாற்றம், உறக்கக் குறைவு, எரிச்சல், காரணம் தெரியாமல் நேரம் கூடுதல். மீள மாதக்கணக்கில் ஆகலாம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று தொடர்ந்து ஓடிய மாணவரை மறுநாளே மைதானத்துக்கு அழைப்பது தவறு. ஆசிரியராகப் போகிறவர்கள் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

• சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் விளையாட்டு வீரர்களின் ஆற்றல் பற்றாக்குறை குறித்து அறிக்கை வெளியிட்டது. ஓட்டம் நின்றதென்று உணவை வெகுவாகக் குறைத்தால் எலும்பும் தசையும் தேறுவது தடைபடும். வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.