எத்தனை முறை உறுப்பினராகலாம்? – ஒரு வகுப்பறை விவாதம்

குடவோலை முறையை நடத்தும்போது தகுதிகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதலாம் பராந்தகன் கால உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள ஒரு விதி தனியாகப் பேசத்தக்கது. பதவிக்காலம் 360 நாள்கள். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது.

இன்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அத்தகைய வரம்பு இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும்வரை தொடரலாம். வரம்பு தேவையா? உள்ளூர்த் தலைவர்களின் பெயர்கள் வந்தால் விவாதம் கட்சிச் சண்டையாகிவிடும் என்ற தயக்கம் நமக்கு உண்டு. அதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு.

அங்கு வில்லி பிரவுன் 1980 முதல் 1995 வரை கீழவையின் சபாநாயகராக இருந்தார். 1990இல் வாக்காளர்களே வாக்களித்து வரம்பு கொண்டுவந்தனர்: வாழ்நாளில் கீழவையில் 6 ஆண்டுகள், மேலவையில் 8 ஆண்டுகள் மட்டும். இடங்கள் காலியாயின, புதியவர்கள் வந்தனர். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தின் நுணுக்கங்களைக் கற்று முடிப்பதற்குள் பலர் வெளியேற வேண்டியிருந்தது. 2012இல் வாக்காளர்கள் விதியைத் திருத்தினர்: மொத்தம் 12 ஆண்டுகள், முழுவதையும் ஒரே அவையில் கழிக்கலாம்.

வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கலாம்.

ஆதரவுக் குழு: புதியவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கும், பதவியே தொழிலாகாது, நீண்டநாள் பதவியால் வரும் செல்வாக்கு குறையும்.

எதிர்ப்புக் குழு: அனுபவம் வீணாகும், நன்கு பணியாற்றியவரையும் மக்கள் இழப்பர், மீண்டும் போட்டியிட முடியாதவருக்கு மக்களிடம் பதில் சொல்லும் கட்டாயம் குறையும்.

பத்து நிமிடங்களுக்குப் பின் குழுக்கள் பக்கம் மாறட்டும். தாம் மறுத்த கருத்துக்காக இப்போது அவர்களே வாதாட வேண்டும்.

இறுதியில் இரண்டு வினாக்கள்:

1. அனுபவமுள்ள உறுப்பினர் வெளியேறினால், அந்த அதிகாரம் யார் கைக்குப் போகும்? புதிய உறுப்பினருக்கா, அதிகாரிகளுக்கா, சட்டமன்றத்தைச் சுற்றிவரும் நிறுவனப் பிரதிநிதிகளுக்கா?

2. குடவோலையில் பெயரை எடுத்தது ஒரு சிறுவனின் கை. இன்று தேர்ந்தெடுப்பவர் வாக்காளர். அப்படியானால் வரம்பு கட்டுப்படுத்துவது உறுப்பினரையா, வாக்காளரையா?

எந்தக் குழு வென்றது என்று அறிவிக்க வேண்டாம். "என் கருத்து மாறியது, ஏனெனில்…" அல்லது "மாறவில்லை, ஏனெனில்…" என்று ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதட்டும். அந்தக் காரணத்தையே மதிப்பிடுவோம். சில ஆண்டுகளில் வாக்களிக்கப் போகும் மாணவர்களுக்கு, முடிவைவிட அதற்கான காரணத்தைச் சொல்லத் தெரிவதே முக்கியம்.