பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீடு போக எனக்கு உரிமை உண்டா?

கேள்வி:

மதிப்புக்குரிய சட்டத்தரணி அவர்களுக்கு, நான் மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடையில் நாலு வருடமாக வேலை செய்கிறேன். வீடு வாவிக்கு அப்பால், படுவான்கரையில். திங்கள் முதல் சனி வரை காலை 9 மணிக்கு வந்தால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். இடையில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், தேநீருக்கு அரை மணித்தியாலம். ஞாயிறு லீவு, ஆனால் தீபாவளியும் சித்திரை வருடப்பிறப்பும் நெருங்கினால் அதுவும் இல்லை. சம்பளம் 36,000 ரூபாய். "மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாது" என்கிறார் முதலாளி. கடையில் 18 பேர் இருக்கிறோம். வீட்டுக்குப் போன பிறகும் ஸ்டொக் விபரம் கேட்டு வட்ஸ்அப்பில் செய்தி வரும்.

மனைவி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிள்ளைக்கு 7 மாதம். பால் கொடுக்க நேரம் கேட்டால், "84 நாள் லீவு தந்தாச்சுதானே, இனி என்ன?" என்கிறார் மேற்பார்வையாளர். அப்பாவுக்கு நீரிழிவு, மாதாமாதம் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். நான் வீடு சேரும்போது பிள்ளை நித்திரையாகிவிடும். இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது இடம் உண்டா?

– வாசகர், படுவான்கரை

பதில்:

தம்பி, இடம் உண்டு. நீங்களும் மனைவியும் கேட்பதில் பெரும்பகுதி முதலாளி இரங்கித் தரவேண்டிய சலுகை அல்ல, சட்டம் ஏற்கனவே அளந்து வைத்த நேரம். உங்களுக்கும் மனைவிக்கும் பொருந்தும் சட்டங்கள் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் வேலை நேரம்

உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். இதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு, தேநீர் இடைவேளைகள் இதில் சேராது. அதற்கு மேல் வேலை வாங்கினால் அது மேலதிக நேரம், அதற்கும் வாரத்துக்கு 12 மணித்தியாலம் என்ற உச்ச எல்லை உண்டு.

உங்கள் கணக்கைப் பாருங்கள். இடைவேளைகளைக் கழித்தால் நாளுக்கு 10 மணித்தியாலம், ஆறு நாளுக்கு 60. சட்டப்படி 45 போக மீதி 15 மணித்தியாலம் மேலதிக வேலை. உச்ச எல்லையையே 3 மணித்தியாலம் தாண்டுகிறது.

மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் இல்லை என்பது பிழை. கடை ஊழியரின் ஒரு மணித்தியாலச் சம்பளத்தைக் கணிக்க மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுப்பது வழக்கம். உங்களுக்கு அது 150 ரூபாய். மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு, ஆகவே 225 ரூபாய். 15 மணித்தியாலத்துக்கு வாரத்துக்கு 3,375 ரூபாய் வருகிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது, நீங்கள் காசைவிட நேரத்தைத்தான் கேட்கிறீர்கள் என்பது. மேலதிக வேலைக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தால் வேலை நேரம் தானாகவே சுருங்கத் தொடங்கும். சட்டம் ஒன்றரை மடங்கு வைத்ததன் நோக்கமும் அதுதான்.

வார விடுமுறை ஒரு நாள் அல்ல, ஒன்றரை நாள். வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு அந்த ஒன்றரை நாளும் முழுச் சம்பளத்துடன் உரியது. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கவேண்டும் என்றில்லை. 18 பேர் உள்ள கடையில் அரை நாள் லீவைச் சுழற்சி முறையில் பகிர்ந்தால் கடை ஒரு நேரமும் பூட்டவேண்டியதில்லை. முதலாளியிடம் போகும்போது அந்த அட்டவணையையும் எழுதிக்கொண்டு போங்கள். உரிமையுடன் ஒரு வழியையும் சேர்த்து வைப்பவருக்குப் பதில் விரைவாகக் கிடைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

லீவுகள்

முதல் வருடம் கழிந்த ஊழியருக்கு வருடாந்த லீவு 14 நாள். அதில் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு மனிதர் வருடத்தில் ஒரு வாரமாவது முழுமையாகத் தன் வீட்டாருடன் இருக்கவேண்டும் என்பதை 1954இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் 7 நாள் அமய லீவு உண்டு. சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணம் எதற்கும் எடுக்கலாம்.

பௌர்ணமி தினமும் விடுமுறைதான். அன்று வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம் தரவேண்டும். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் கடை ஊழியருக்குரிய சட்ட விடுமுறைகள். தீபாவளியும் சிவராத்திரியும் அப்படியல்ல. அவை அரச அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் விடுமுறை, கடைகளுக்கு அல்ல. இது தெரியாமல் பலர் கடைசி நேரத்தில் ஏமாறுகிறார்கள். அந்த நாள்களும் மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தமும் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கும் உங்களுக்கு முக்கியமென்றால், வருடத் தொடக்கத்திலேயே வருடாந்த லீவில் குறித்துக் கொடுங்கள்.

அப்பாவின் கிளினிக்குக்கும் இதே வழி. பெற்றோரைப் பராமரிக்கவென்று தனியார் துறையில் தனி லீவு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி முன்கூட்டியே எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து லீவு விண்ணப்பத்துடன் இணையுங்கள். திகதி தெரிந்து முன்பே கேட்ட லீவை மறுப்பது, அன்று காலை தொலைபேசியில் கேட்ட லீவை மறுப்பதைவிடக் கடினம்.

பிள்ளை பிறந்தபோது உங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் முதலாளியின் பிழை மட்டுமல்ல. அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் உண்டு, தனியார் துறைத் தந்தைக்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லை. இது திருத்தப்படவேண்டிய குறை. பிள்ளை வளர்ப்பை முழுவதும் தாயின் தலையில் சுமத்தும் சட்டம் தாய்க்கும் நீதி செய்வதில்லை.

இரவு நேரச் செய்திகள்

வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. இலங்கையில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் முதலாளி சொல்லி வீட்டிலிருந்து ஸ்டொக் கணக்குப் பார்த்தால் அதுவும் வேலைதான் என்பது என் கருத்து. அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். நேரத்துடன் பதிவான சாட்சி அவை.

மனைவியின் உரிமை

தொழிற்சாலையில் வேலை செய்யும் உங்கள் மனைவிக்குப் பொருந்துவது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 84 நாள் லீவு அதன் ஒரு பகுதி மட்டுமே. 2018இல் வந்த திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் அந்த 84 நாள் உண்டு. லீவு முடிந்தபின் தொடங்குவது இன்னோர் உரிமை: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளையை வைத்திருக்கப் பொருத்தமான இடம் தொழிற்சாலையில் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டு இடைவேளையில் இதைக் கழிக்க முடியாது, அது வேறு இது வேறு. ஆகவே "லீவு தந்தாச்சுதானே" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது.

வீடு தூரமென்றால் ஒரு மணித்தியாலத்தில் போய்வர முடியாது என்பதை அறிவேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு வழி சுருங்கியது. குருமண்வெளி – மண்டூர் துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு அப்படியில்லை. மனைவி இரண்டு வகையாகக் கேட்கலாம். ஓர் இடைவேளையில் பாலை எடுத்துக் குளிராக வைக்க ஒதுக்கமான இடம் தரும்படி கேட்கலாம். மற்ற இடைவேளையை வேலை முடியும் நேரத்தோடு சேர்த்து, ஒரு மணித்தியாலம் முந்தி வெளியேற எழுத்தில் உடன்பாடு கேட்கலாம்.

தொழிற்சாலைப் பெண்களின் மேலதிக வேலைக்கு மாதத்துக்கு 60 மணித்தியாலம் என்ற எல்லை உண்டு. விருப்பத்துக்கு மாறாக இரவு வேலை செய்யும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. காலை 6 முதல் மாலை 6 வரையான நேரத்தில் வேலை செய்த பெண்ணை அன்றிரவு 10 மணிக்குப் பின் வேலையில் வைக்கவும் கூடாது.

வேலை போய்விடுமா?

உங்கள் பயம் நியாயமானது. அதற்கும் பாதுகாப்பு இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஊழியரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்குவதென்றால் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். உங்கள் கடையில் 18 பேர் இருப்பதால் இது உங்களைக் காக்கிறது. அநியாயமாக நீக்கினால் தொழில் நியாய சபைக்கும் போகலாம். அதற்கு 6 மாதக் கெடு உண்டு, தவறவிடக் கூடாது. கோபத்தில் நீங்களாக வேலையை விட்டு வந்துவிடவும் கூடாது. வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்கவும் கூடாது.

செய்யவேண்டியவை

இன்றிலிருந்து ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், ஞாயிறு வேலை, மறுக்கப்பட்ட லீவு எல்லாவற்றையும் திகதியுடன் எழுதுங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு கூட வேலை செய்பவர்களுடன் சேர்ந்து முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். சரிவராவிட்டால் கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் மட்டக்களப்பு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. தொழில் உத்தியோகத்தர் பதிவேடுகளைப் பார்த்து விசாரிப்பார். முறைப்பாட்டுக்குச் சட்டத்தரணி தேவையில்லை. பிறகு வழக்கென்று வந்து செலவுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடுங்கள்.

ஆனால் முதலில் செய்யவேண்டியது மனைவியின் கடிதம். உங்கள் ஓவர்டைமுக்கும் லீவுக்கும் வரும் மாதங்களிலும் போராடலாம். பாலூட்டும் இடைவேளை பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் முடிந்துவிடும், இன்னும் ஐந்து மாதமே இருக்கிறது. நீண்ட கடிதம் வேண்டாம். இவ்வளவு போதும்:

"எனது பிள்ளையின் வயது 7 மாதம். பிறப்புச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி எனக்குரிய இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை இம்மாதம் முதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மனிதவளப் பிரிவில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.