கொழும்பில் தங்குமிடம்: அறை எடுக்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

தீவகத்தில் இருந்து கொழும்புக்குப் போகிறவர் காசுக் கணக்கோடு கடல் கணக்கும் பார்க்க வேண்டியவர். நெடுந்தீவார் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் வந்து குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் சேர்கிறார்கள். நயினாதீவாருக்குப் படகில் இருக்கும் நேரம் குறைவு. ஊர்காவற்றுறையாருக்குத் தரைவழி உண்டு. ஆனால் கடைசிப் படகைத் தவறவிட்டவருக்கு அன்றிரவு யாழ்ப்பாணத்திலும் படுக்கை தேட வேண்டிவரும். ஆகவே, "ஒரு நாள் அலுவல்" என்று புறப்படுவது மூன்று நாளாகிவிடுகிறது. அந்த மூன்று நாளில் கையிருப்பைக் கரைப்பது பஸ் காசைவிடத் தங்கும் செலவுதான்.

போகத்தான் வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கு அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலக வளாகத்திலேயே அதற்கான பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. மஹரகம வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டுமா, எந்தச் சிகிச்சையை இங்கேயே பெறலாம் என்று வைத்தியரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்த ஒரு கேள்வி சில குடும்பங்களுக்குப் பல வார வாடகையை மிச்சப்படுத்தும்.

போகத்தான் வேண்டும் என்றால், எம்மவர் வாயில் முதலில் வருவது "லொட்ஜ்" என்ற சொல். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகள் வடக்குக் கிழக்கில் இருந்து வந்தவர்களால் நிறைந்திருந்தன. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடியவர்கள் எனப் பலர் மாதக் கணக்கில் அங்கே கிடந்தார்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் பொலிஸார் இந்த லொட்ஜுகளில் புகுந்து, தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று கூறி 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இதைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கியது. அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அந்த நாட்களை அறிந்த பெரியவர்கள் இன்றும் கிளினிக் புத்தகத்தையும் கடிதத்தையும் பையின் மேல்பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பயணம் செய்கிறார்கள். அப்படி ஒருவரை இன்றும் பஸ்ஸில் கண்டால் சிரிக்காதீர்கள்.

இனி அறைக்கு வருவோம். பலகையில் எழுதியிருக்கும் வாடகை அறையின் முழு விலை அல்ல. அலுவல் இருக்கும் இடத்துக்கு அறை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதும் விலையில் சேரும். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளங்குவதற்காக மட்டும். ஒரு தாயும் மகனும் மூன்று நாள் மஹரகமவில் கிளினிக்குக்குப் போக வேண்டும். புறக்கோட்டையில் அறை நாளுக்கு 2,500 ரூபா, மஹரகமவில் 3,500 ரூபா. புறக்கோட்டைதான் மலிவு என்று தோன்றும். ஆனால் தாயால் நெரிசல் பஸ்ஸில் நிற்க முடியாது. ஓட்டோவுக்குப் போக 1,500, வர 1,500 என்று வைத்தால் மலிவான அறை நாளுக்கு 5,500 ரூபாவாகிறது. மற்ற அறையில் இருந்தால் நடந்தே போகலாம். அதே வேளை, போகிறவர் திடகாத்திரமான ஒருவர், 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போவார் என்றால் இந்தக் கணக்குத் தலைகீழாக மாறும். அதனால்தான் "எந்த லொட்ஜ் நல்லது?" என்று ஊரில் கேட்டுக்கொண்டு போவதில் அதிக பயன் இல்லை. யாருக்கு, என்ன அலுவலுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரவு பஸ் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழும்பை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். சில இடங்களில் நீங்கள் உள்ளே போன நேரத்தில் இருந்து 24 மணித்தியாலம் ஒரு நாள். சில இடங்களில் மதியம் பன்னிரண்டுக்கு நாள் முடிகிறது. இரண்டாவது வகை இடத்தில் விடிய ஐந்துக்கு நுழைந்து அன்றிரவே பஸ் ஏறினாலும் இரண்டு நாள் வாடகை கேட்கக்கூடும். "எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை?" என்பதைப் பையை இறக்கி வைக்குமுன் கேளுங்கள். போகும் இரவையும் திரும்பும் இரவையும் பஸ்ஸிலேயே கழித்தால் பல வேளைகளில் பகலில் முகம் கழுவி உடுப்பு மாற்ற ஓர் அறை போதும். திரும்பும் இரவு பஸ் விடியற்காலையில் யாழ்ப்பாணம் சேர்ப்பதால் படகையும் பிடிக்கலாம். நோயாளிக்கு மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது.

அறையை நேரில் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். படி ஏற முடியாதவருக்குக் கீழ்த்தளம் வேண்டும். குந்த முடியாதவருக்குக் கொமோட் வேண்டும். கதவு உட்பக்கமாகத் தாழிடப்படுகிறதா, யன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். நல்ல தண்ணீரின் அருமை தெரிந்த நெடுந்தீவாரே கொழும்பில் தண்ணீர் தாராளம் என்று நினைத்துக் குழாயைப் பார்க்காமல் விடுகிறார்கள். மேல்மாடித் தாங்கி காலையில் வற்றிவிட்டால் கிளினிக்குக்குக் குளிக்காமல்தான் போக வேண்டும். அடையாள அட்டையைப் பதிவுக்குக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள், மூலத்தை ஒப்படைக்காதீர்கள். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளியே போகுமுன் சிங்களத்திலும் முகவரி எழுதிய அட்டை ஒன்றை வாங்கிப் பையில் வையுங்கள். மொழி தெரியாத ஒருவர் இரவில் ஓட்டோக்காரரிடம் அதைக் காட்டினால் போதும்.

வாரக் கணக்கில் சிகிச்சை என்றால் லொட்ஜ் கட்டாது. கதிர்ச் சிகிச்சை சிலருக்குப் பல வாரம் நீளும். அப்போது சமையல் வசதியுள்ள ஓர் அறையை மாத வாடகைக்கு எடுப்பதே மேல். கடைச் சாப்பாடு மூன்று வேளை இருவருக்கு என்றால் வாடகையைத் தாண்டிவிடும், நோயாளிக்கும் ஒத்துவராது. தூர இடத்து நோயாளருக்கு இலவச அல்லது குறைந்த கட்டணத் தங்குமிடம் இருக்கிறதா என்று வார்ட்டில் தாதியரிடம் கேளுங்கள்.

உறவினர் வீடு? ஓர் இரவுக்கு நல்லது. ஒரு கிழமைக்கு என்றால், இரண்டு அறை வாடகை வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு இருப்பவரின் நிலையையும் நினைக்க வேண்டும். கருவாடும் பனங்கட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பதால் அந்தச் சுமை தீர்ந்துவிடாது. நயினாதீவில் யாத்திரிகருக்கு அன்னதான மடத்தில் சோறு போட்டுப் பழகியவர்கள் நாம். கொழும்பில் அந்த வழக்கத்தை எதிர்பார்த்து ஒருவர் வாசலில் போய் நிற்பது முறையல்ல.

குழுக்களில் இதை வாசிப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை செய்யலாம். கடந்த ஆண்டில் கொழும்புக்குப் போய்வந்த ஐந்து குடும்பங்களிடம் எங்கே தங்கினார்கள், அறைக்கு எவ்வளவு, ஓட்டோவுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, நாள் எந்த மணியில் முடிந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியைச் சங்கக் கட்டடத்தில் வையுங்கள். அடுத்துப் போகிறவர் படகு ஏறுமுன் அதைப் புரட்டிப் பார்க்கட்டும், திரும்பி வந்து தன் கணக்கையும் அதில் எழுதட்டும்.