பூங்கா இடத்தை மனையாக விற்கலாமா?

எங்கள் தெருவை ஒட்டி ஐந்து ஏக்கரில் மனைப்பிரிவு வருகிறது. பூங்காவுக்கு இடம் விடாமல் பணம் கட்டிவிட்டோம் என்கிறார் புரமோட்டர். அது செல்லுமா?

செல்லாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019இன்படி திறந்தவெளி ஒதுக்கீட்டை முடிவு செய்வது மனையின் பரப்பளவு. 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கு மேல் 10,000 வரை, சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும்; இடம் விட முடியாத நிலையில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000ஐத் தாண்டினால் பணப் பேச்சுக்கே இடமில்லை, நிலமாகத்தான் தர வேண்டும்.

ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். சாலைக்கு 5,200 போனால் மீதி 15,000; பூங்காவுக்கு 1,500. அதாவது, ஏறக்குறைய ஆறே முக்கால் கிரவுண்டு. புரமோட்டருக்கு ஏன் மனசு வரவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மூலையில் ஒதுங்கிய நீளத் துண்டைக் காட்டியும் தப்ப முடியாது. குறைந்தபட்ச அகலம் 10 மீட்டர்.

இந்த இடம் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேரும். பிறகு அதை விற்கப் புரமோட்டருக்கு உரிமை கிடையாது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா என்பது தெரிந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைச் சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.விடமும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. அலுவலகத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நிலம் முழுமைத் திட்டத்தில் விவசாய மண்டலமாக இருந்தால், நில உபயோக மாற்ற ஆணையையும் சேர்த்தே கேட்பது நல்லது.