புதையல் வேட்டைக்குப் பரிசு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

“ஆன்ட்டி... எனக்கு ஒண்ணுமே கிடைக்கல!”

பிறந்த நாள் விழாவில் புதையல் வேட்டை முடிந்த கையோடு இந்தக் குரல் கேட்காத வீடு அபூர்வம். பத்து வயசுப் பையன்கள் பை நிறைய அள்ளிக்கொண்டு குதிப்பார்கள். ஐந்து வயசு வாண்டு கண்ணில் நீர் முட்ட ஓரமாக நிற்கும். இது ஒரு பிரச்னை.

இன்னொரு பிரச்னை உங்கள் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் கொடுத்த பரிசு, விருந்தாளிக் குழந்தையோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அங்கே தவழுகிற தங்கச்சிப் பாப்பா ஒன்று இருக்கும். அண்ணன் பையைத் தரையில் கொட்டிக் கடை பரப்பும்போது, ஒரு சின்னச் சாமான் பாப்பா வாய்க்குள் போய்விடும்.

முதல் பிரச்னை அழுகையோடு முடிந்துவிடும். இரண்டாவது, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால் பரிசு வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன்பு ஒன்றை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த நாள் குழந்தையின் வயசைப் பார்த்துப் பரிசு வாங்காதீர்கள். அந்தப் பரிசு போய்ச் சேரும் வீட்டுக் கடைக்குட்டியின் வயசைப் பார்த்து வாங்குங்கள்!

பத்து சென்டிமீட்டர் சோதனை

எது சின்னச் சாமான், எது பெரிய சாமான்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வயசுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க, சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடும் என்று அர்த்தம்.

இதை வீட்டிலேயே செய்யலாம். சரியாக 10 செ.மீ. நீளத்தில் ஒரு அட்டைத் துண்டை வெட்டி, இரு முனைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொள்ளும்படி வளையமாக ஒட்டுங்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 3.2 செ.மீ. வரும். கடைக்குப் போகும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். அந்த வளையத்துக்குள் நுழைகிற கோலிக்குண்டு, மணி, குட்டிக் கார் எல்லாம் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பந்து என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். குறுக்களவு 4.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

பலூன் இந்தச் சோதனைக்குள் வராது. ஊதாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகவும் கஷ்டம். எட்டு வயசுக்குக் கீழ் இருப்பவர்கள் கையில் ஊதாத பலூன் பாக்கெட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மினுக்கினால் சந்தேகப்படுங்கள்

விரலில் மாட்டினால் ஒளிரும் மோதிரம், சுற்றினால் மின்னும் பம்பரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை... குழந்தைகளுக்கு இவை என்றால் உயிர். இவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது பட்டன் பாட்டரி.

இது தொண்டையை அடைப்பதோடு நிற்பதில்லை. உணவுக்குழாயின் ஈரம் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் காரம் உண்டாகித் தசையை அரிக்கத் தொடங்கும். குறிப்பாக, 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் பாட்டரி இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். பாட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கப்படாத எந்தச் சாமானும் பரிசுப் பட்டியலில் வேண்டாம்.

சக்தி வாய்ந்த குட்டிக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும், குடலை அடைக்கும்.

குன்றிமணி மாணிக்கம் வேண்டாம்!

“கடையில வாங்கினாத்தானே வம்பு? வீட்டுல இருக்கிறதையே வைப்போம்” என்று சிலர் பல்லாங்குழிப் பெட்டியைத் திறப்பார்கள். சோழி, புளியங்கொட்டை, சிவப்பு சிவப்பாகக் குன்றிமணி... பார்த்தால் நிஜப் புதையல் போலவே இருக்கும்.

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அதே குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும் வரை நஞ்சு வெளியே வராமல் தப்பிக்கலாம். கடித்து மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்ட மணியாக இருந்தாலோ ஆபத்து. குழந்தைகள் கைக்கு இது எட்டவே கூடாது. சோழியும் புளியங்கொட்டையும் நஞ்சில்லை, ஆனால் நம் அட்டை வளையத்துக்குள் நுழைந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள்.

சாக்லேட் மட்டும்தான் பரிசா?

கேக், ஐஸ்கிரீம், ஜூஸ் எல்லாம் உள்ளே போன பிறகுதான் வேட்டையே ஆரம்பிக்கும். 2 முதல் 18 வயசு வரை ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராம், அதாவது 6 டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-ல் சொன்னது. பார்ட்டித் தட்டிலேயே அது தீர்ந்திருக்கும். பல்லில் ஒட்டும் டாஃபி வேறு எதற்கு?

நான்கு வயசு நிறையாத குழந்தைக்கு முழு நிலக்கடலை, கடின மிட்டாய் கொடுக்காதீர்கள். அழைக்கும்போதே, “உங்க பிள்ளைக்கு எதாவது ஒத்துக்காதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயசுக்கு ஏத்த பரிசு

3 வயசுக்குள்: துணிப் பந்து, தடித்த அட்டைப் படப் புத்தகம்.

3 - 5 வயசு: தடிமனான கிரேயான், படம் வரையும் நோட்டு, கைப்பாவை.

6 - 8 வயசு: கலர் காகிதக் கட்டு, புதிர்ப் புத்தகம், ஒரு சின்னத் தொட்டியோடு வெந்தயப் பொட்டலம். ஊறவைத்து விதைத்தால் சில நாளில் முளைத்துவிடும். விதைத்த பிள்ளைக்கு அந்தக் கீரை தனி ருசி!

9 வயசுக்கு மேல்: பூதக்கண்ணாடி, ஸ்கிப்பிங் கயிறு, தாயக்கட்டை. கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதால் சின்னவர்களுக்கு வேண்டாம்.

பொம்மையாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயசுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

அந்த ஐந்து வயசு வாண்டு அழாமல் இருக்க...

பரிசையே ஒளித்துவைக்காதீர்கள், அட்டையை ஒளித்துவையுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறம், ஆளுக்கு ஐந்து அட்டை. சிவப்புக் குழந்தை சிவப்பை மட்டும்தான் எடுக்கலாம். சின்னவர்கள் அட்டை சோபா அடியில், பெரியவர்கள் அட்டை அலமாரிக்குப் பின்னால். ஐந்தும் சேர்ந்ததும் உங்களிடம் வந்து, தன் வயசுக்கான பையை வாங்கிக்கொள்ளட்டும். யார் கைக்கு எது போகிறது என்பதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

“ஜெயிச்சா பெரிய பரிசு” என்று முன்கூட்டியே ஆசை காட்டவும் வேண்டாம். 1973-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். படம் வரைந்தால் பரிசு என்று சொல்லி வரையவைத்த குழந்தைகளுக்கு, பிறகு வரைவதில் ஆர்வம் குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. புதையலில் சுவாரஸ்யமே தேடுவதுதானே?

அவசரம் என்றால்...

* குழந்தை இருமினால், அழுதால் இருமவிடுங்கள். பார்க்காமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.
* மூச்சோ குரலோ வராவிட்டால், ஒரு வயசுக்கு மேல்: முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள்.
* ஒரு வயசுக்குள்: கைமேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ 5 தட்டு. மல்லாத்தி, நெஞ்செலும்பில் 5 அழுத்தம். வயிற்றை அழுத்தக் கூடாது.
* இதற்கிடையே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.
* பட்டன் பாட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

விழா முடிந்து குழந்தைகள் கிளம்பும்போது, அழைத்துப்போக வந்த அம்மாவிடம் பையைக் காட்டி, “இதுல இதெல்லாம் இருக்கு, குட்டிப் பாப்பா கைக்கு எட்டாம வைங்க” என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கொடுக்கிற பரிசுகளிலேயே விலை உயர்ந்தது அந்த ஒரு வார்த்தைதான்!